லூபெக்கின் எட்டாவது கோபுரம்

லூபெக் நகரத்துக்கு ஏழு கோபுரங்கள். எந்தத் திசையிலிருந்து ரயிலில் வந்தாலும் தூரத்திலேயே தெரியும், ஐந்து பழைய தேவாலயங்களின் பச்சைக் கூர்முனைகள். சுற்றுலாப் புத்தகங்கள் எல்லாம் அந்த ஏழோடு நின்றுவிடும். கமலநாயகி அக்காவின் கணவர் செல்வராசா அண்ணை மட்டும் எட்டு என்பார். கனடாக்காரர், லண்டன்காரர், நோர்வேயிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர், யாராக இருந்தாலும் ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டி, அவர்கள் கால் உளைவு என்று முனகத் தொடங்கும் நேரத்தில், "இன்னும் ஒண்டு இருக்கு, எட்டாவது" என்று இழுத்துக்கொண்டு போவார்.

அந்த எட்டாவது கோபுரம், ரயில் நிலையத்துக்குப் பின்புறம் சென்ட் லோரென்ஸ் பகுதியில் இருக்கிற அவர்களுடைய வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் விருந்தாளிகளுக்கு மூச்சு வாங்கும்போது அண்ணை திரும்பி நின்று, "இன்னும் ஒரு மாடிதான், வாங்கோ வாங்கோ. கோபுரம் எண்டா சும்மாவோ?" என்பார். மேலே போனால் மேசையில் சாப்பாடு ஆவி பறக்கும்.

அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அண்ணை செத்தபோது படம் போட்டு நினைவு மலர் அடித்தார்கள். அதில் அவர் விருந்தோம்பலில் சிறந்தவர் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. குசினியில் நின்றவரின் பெயர் 'அன்பு மனைவி' என்பதோடு முடிந்துவிட்டது. வாசித்துவிட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் யூலியா. ஊர் மன்னார், கத்தோலிக்க வேதக்காரி. அக்காவும் நானும் ஒரே முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறோம். எனக்கு வாய் நீளம் என்று அக்கா சொல்வார். அவருடைய வாய் கட்டை. இரண்டையும் சேர்த்துச் சரிபாதியாக வெட்டியிருந்தால் இருவருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ஒரு விசயத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும், அண்ணை இருந்தவரை கமலா அக்கா ஊர் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது? அண்ணை விருந்தாளிகளோடு தெருத் தெருவாகத் திரியும்போது அக்கா வீட்டில் இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பார். வந்தவர்கள் சாப்பிடும்போது அண்ணை மறுபடியும் முதலிலிருந்து கதையைச் சொல்வார். உப்புக் கிட்டங்கி, விழுந்த மணி, கல்லில் குந்தியிருக்கிற சாத்தான். அக்கா கறிச் சட்டியோடு நின்று கேட்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே அவருக்கு எல்லாம் பாடம்.

போன வருடம் ஆடி மாதம், வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த அண்ணை அப்படியே சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த கூட்டம்தான் அந்த வீட்டில் ஏறிய கடைசிக் கூட்டம். அதற்குப் பிறகு அழைப்பு மணி அடித்தால் நான், இல்லாவிட்டால் பார்சல்காரன். அக்காவுக்கு ஒரு ஆளுக்கு அரிசி போடக் கை வராது. மிஞ்சின சோற்றை டப்பாவில் அடைத்து எனக்குக் கொண்டுவந்து தருவார். நான் கொழுத்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு வெகு நாளாகத் தெரியாது. ஒருநாள் மரியன்னை தேவாலயத்துக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனேன். அது இப்போது புரட்டஸ்தாந்துக்காரருடைய கோயில், ஆனாலும் மாதா மாதாதானே. அங்கே தெற்குக் கோபுரத்தின் அடியில் பெரிய மணிகள் இரண்டு உடைந்து கிடக்கின்றன. யுத்தத்தில் குண்டு விழுந்து கோபுரம் எரிந்தபோது மேலேயிருந்து விழுந்தவை. விழுந்த இடத்திலேயே, விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கமலா அக்கா நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. செபம் சொல்கிறாரோ என்று கிட்டப் போனால், செல்வராசா அண்ணையின் கதையை அண்ணையின் சொல்லிலேயே மெல்லமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக வந்து, ஒவ்வொரு இடமாக நின்று, சொல்லிப் பார்த்துவிட்டுப் போவாராம். "அவர் சொன்னதெல்லாம் உண்மைதான் யூலியா, எல்லாம் சொன்னபடி இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருடம் சித்திரையில் அக்காவின் தம்பி தொலைபேசி எடுத்தான். பெயர் சயந்தன். கனடாவுக்குப் போவதற்கு முதல் இரண்டு வருடம் இந்த வீட்டுச் சோபாவில் படுத்து, அக்காவின் கையால் சாப்பிட்டவன். தலை நரைத்த பிறகும் அக்காவுக்கு அவன் 'சின்னவன்'தான். அதனால் நானும் அவன் என்றே எழுதுகிறேன். அவனுடைய மனைவி சாரங்காவின் தமையனுக்கு வுப்பர்டாலில் வீடு. தமையன் மகளுக்கு ஆனியில் கலியாணம். குடும்பமாக வருகிறார்கள், கலியாணத்துக்கு முதல் ஒருநாள் லூபெக் பார்க்கவும் வருகிறார்கள் என்றான்.

அன்றைக்கு வேலையில் அக்கா கிழங்கு உரித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. சைவக்காரரிடையே சாவு நடந்த வீட்டுக்கு வருடம் திரும்பும்வரை கலியாண வீட்டார் போகத் தயங்குவார்கள். ஆண்டுத் திவசம் முடிந்தால்தான் வீடு துப்புரவு. அதையும் நேரே சொல்ல மாட்டார்கள். நேரமில்லை, களைப்பு, வயிறு சரியில்லை என்று வேறு எதையாவது சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒரு மரியாதை. ஏன் வரவில்லை என்று கேட்காமல் விடுவது மற்ற மரியாதை.

அக்கா ஐயரைக் கேட்டார். நல்ல காரியம் வருகிறது என்றால் பதினோராம் மாதத்திலேயே திவசத்தைச் செய்து முடிக்கலாம் என்று ஐயர் சொன்னாராம். கொள்ளி வைத்த பெறாமகனுக்கு, அண்ணையின் சகோதரன் மகனுக்கு, லீவு கேட்டு, ஹம் நகரத்து அம்மன் கோயிலடியில் செய்தார்கள். நானும் கூடப் போனேன். திரும்பி வரும் ரயிலில் அக்காவின் முகம் கழுவி விட்டதுபோல இருந்தது.

"இனி வீட்டில ஒரு குறையும் இல்லை, யூலியா. சின்னவன் தாராளமா வரலாம்" என்றார்.

தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். திவசம் முடித்துவிட்டேன், இனி வாருங்கள் என்று எப்படி வாய் திறந்து சொல்வது என்றார். அவர்களே கேட்பார்கள், அப்போது சொல்லலாம் என்றார். எனக்கு அப்போதே மனம் சரிவரவில்லை. இந்தச் சனத்தின் மரியாதை ஒருநாள் ஆளைக் கொல்லும் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

வருகிற நாளுக்கு முதல் நாளே சமையல் தொடங்கிவிட்டது. கணவாய்க் கறி, முருங்கைக்காய்ப் பால்கறி, சொதி, இடியப்பம். பெட்டியில் கிடந்த நல்ல மேசை விரிப்பு வெளியே வந்தது. சாப்பாட்டுக் கோப்பைகளைக் கவிழ்த்து அடுக்கி, எனக்கும் ஒன்று வைத்தார். காலையில் சயந்தன் தொலைபேசி எடுத்து, நேரே ஹோல்ஸ்டன் வாசலடிக்கே வருகிறோம், நீங்களும் அங்கேயே வாருங்கள் என்றான். "அதுவும் நல்லதுதான், முதல் ஊர் பாத்திட்டு ஆறுதலாச் சாப்பிடலாம்" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நானும் வந்தால்தான் ஆகும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஹோல்ஸ்டன் வாசல் என்பது பழைய நகரத்தின் நுழைவாயில். தடித்த இரண்டு கோபுரங்கள், தலையில் கூம்புத் தொப்பி. ஏழில் இவை சேராது. சதுப்பு நிலத்தில் கட்டியதால் இரண்டும் உள்ளுக்குச் சரிந்து நிற்கின்றன. சயந்தன் வான் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தான். சாரங்கா கையைப் பிடித்து, "எப்பிடி மச்சாள், மெலிஞ்சு போனியள்" என்றாள். அவர்களுடைய மகள் ஆதிரை, கலியாணத்தில் தோழியாக நிற்கப் போகிறவள், அக்காவைக் கொஞ்சினாள். நல்ல பிள்ளை. எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் என்னுடைய ஆத்திரமே. ஒருத்தராவது கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

அக்கா தொடங்கினார். கட்டை வாய் என்று சொன்னேனே, அந்த வாயா இது என்று இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக நிற்கிற செங்கல் வீடுகளைக் காட்டி, இதெல்லாம் உப்புக் கிட்டங்கி என்றார். அந்தக் காலத்தில் இந்த ஊர் வணிகர்கள் உப்பை இங்கே அடுக்கி, கப்பலில் வடக்கே அனுப்பி, மீனைக் கருவாடாக்கித்தான் பெரிய ஆட்கள் ஆனார்கள் என்றார். "எங்கட யூலியான்ர மன்னார் ஆக்கள் மாதிரி" என்று என்னைச் சாட்டிச் சிரிக்க வைத்தார். அது அண்ணையின் பகிடி. சரிந்த கோபுரங்களைப் பற்றியும் அண்ணைக்கு ஒரு பகிடி உண்டு. வயதுபோன புருசனும் பெண்சாதியும் ஒருவரில் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள் என்பார். அதை அக்கா சொல்லவில்லை. ஈர மண் என்பதால் சரிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

புனித பேதுரு தேவாலயத்தின் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. மேலே ஏறி நின்றால் ஊர் முழுவதும் தெரியும். சுற்றிவர ஆறு, நடுவில் சிவப்புக் கூரைகள். அக்கா ஏழு கோபுரங்களையும் எண்ணிக் காட்டிவிட்டு, ரயில் நிலையத்துப் பக்கம் கையை நீட்டி, அங்கேதான் எங்களுடைய வீடு என்றார். அங்கேயிருந்து பார்த்தால் இந்தக் கோபுரம் தெரியுமா என்று ஆதிரை கேட்டாள். "குசினி யன்னலால வடிவாத் தெரியும். வந்து பாருங்கோவன்" என்றார் அக்கா. சாரங்கா அந்த நேரம் பார்த்து மற்றப் பக்கத்துக் கம்பியடிக்குப் போய்விட்டாள்.

இறங்கியதும் மத்தியானம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்ப்போமா என்று அக்கா கேட்டார். காலைச் சாப்பாடே இன்னும் செமிக்கவில்லை என்றாள் சாரங்கா. சயந்தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தான், அது அவிழ்ந்திருக்கவே இல்லை. சரியாக அரை மணித்தியாலத்தில் சந்தைச் சதுக்கத்தில் மீன் வைத்த பாண் வாங்கிச் சாப்பிட்டார்கள். அக்கா ஓடிப்போய் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்தார்கள். கடைக் கோப்பியை அக்கா கையில் வாங்கிக் குடிக்கலாமாம், அக்கா வீட்டுக் கோப்பிதான் கூடாதாம். இதற்குள்ளே என்ன சாத்திரம் இருக்கிறது என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு மரியன்னை தேவாலயம். அக்கா உடைந்த மணிகளைக் காட்டினார். வெளியே கல்லில் குந்தியிருக்கிற வெண்கலச் சாத்தானின் கொம்பை ஆதிரை தடவிப் படம் எடுத்தாள். அங்கிருந்து ஒரு தெருவுக்குள் கூட்டிப் போய், கல் வாசல் ஒன்றால் உள்ளே நுழைந்தால் முற்றம். சுற்றிவரச் சின்ன வீடுகள், ரோசாச் செடிகள், உட்கார ஒரு மர வாங்கு. பழைய காலத்தில் கப்பலோட்டிகளும் வணிகர்களும் செத்துப் போனால் அவர்களுடைய மனைவிமார் இருப்பதற்கென்று ஒரு பணக்காரர் கட்டி வைத்த இடம். அக்கா அதைச் சொல்லிவிட்டுத் தம்பியையும் ஆதிரையையும் ரோசாச் செடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

சாரங்கா என் பக்கத்தில் வாங்கில் இருந்தாள். கையைப் பிசைந்துகொண்டு தானாகவே சொன்னாள்.

"குறை நினைக்காதேங்கோ யூலியா அக்கா. மச்சாள் ஆசைப்படுறா, எனக்கு விளங்குது. ஆனா தாலிக்குப் பொன்னுருக்கு முடிஞ்சுது. பெண்ணுக்கு முதல் ஒரு இடத்தில பேசி, மண்டபம் வரை எடுத்து நிண்டு போனது. இந்த முறையும் ஏதும் நடந்தா என்ர அண்ணை உயிரோட இருக்க மாட்டார். வருஷம் திரும்பாத வீட்டுக்கு எப்பிடிப் போறது?"

"ஆண்டுத் திவசம் முடிஞ்சுது" என்றேன். "ஹம்மில. நான்தான் கூடப் போனனான். நீங்கள் வரவேணும் எண்டுதான் முந்திச் செய்தவ."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒருவரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்றாள். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். எழுந்து தள்ளிப் போய் வுப்பர்டாலுக்குத் தொலைபேசி எடுத்தாள். தமையனின் மனைவியோடு கதைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள், கண்ணைத் துடைத்தாள், திரும்பி வந்தாள். திவசம் செய்தாலும் ஆள் செத்து வருடம் முடியவில்லைத்தானே, ஏன் வில்லங்கத்தை விலைக்கு வாங்குவான் என்கிறார்களாம். போகலாமா என்று அவள் கேட்டாள், அதை நான் மறைக்க மாட்டேன். 

பாதாம் பருப்பில் செய்கிற மாசிப்பான் இனிப்புக் கடைக்கு அவர்கள் போனபோது அக்காவை வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா திடுக்கிடவில்லை. காலையில் 'வாசலடிக்கு வாங்கோ' என்றபோதே தெரிந்துவிட்டது என்றார். தெரிந்துகொண்டா இவ்வளவு நேரமும் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கினீர்கள் என்று நான் கத்தாத குறை. சயந்தனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லுங்கள், அவன் வருவான் என்றேன்.

"வருவான்" என்றார் அக்கா. "நான் கேட்டா வருவான். வந்து வயிறு நிறையச் சாப்பிடுவான். பிறகு அங்க மணவறையில காத்துக்கு ஒரு விளக்கு நூந்தாலும் என்ர வாசலைத்தான் சொல்லுவினம். ஆயுசுக்கும் அவன் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேணும். என்னத்துக்கு?"

 உள்ளேயிருந்து ஆதிரை பழம் பழமாகச் செய்து வைத்த மாசிப்பானைத் தூக்கிக் காட்டினாள். அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று, நல்லது என்று தலையாட்டினார்.

பின்னேரம் மிச்சக் கோபுரங்களும் முடிந்தன. பிரதான தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு, வான் நிற்கும் ஹோல்ஸ்டன் வாசலடிக்குத் திரும்பி வந்தோம். அங்கேயிருந்து அக்காவின் வீடு நடந்து போகிற தூரம்தான். ரயில் நிலையத்தைத் தாண்டினால் தெரு. கணவாய்க் கறி சட்டியில் இருந்தது. மேசையில் கோப்பைகள் கவிழ்ந்து இருந்தன.

சயந்தன் நல்ல சந்தோசத்தில் இருந்தான். பொடியனாக இந்த ஊரில் திரிந்த காலத்துக்கே போய்விட்டான் போல. "ஏழும் பாத்தாச்சு" என்று கையைத் தட்டினான். "அத்தான் பிறகு ஒண்டு சொல்லுவார் என்ன அக்கா, இன்னும் ஒண்டு இருக்கு, எட்டாவது..."

சொல்லிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாரங்கா நிலத்தைப் பார்த்தாள்.  அக்கா 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் வானைப் பூட்டிவிட்டு வந்திருப்பான், யார் தடுத்தாலும் வந்திருப்பான். அது அவனுடைய முகத்தில் தெரிந்தது. அக்காவும் அதைப் பார்த்தார்.

"அது இந்த வருஷம் பூட்டு, சின்னவன்" என்றார். "திருத்த வேலை நடக்குது."

லூபெக்கில் எப்போதும் ஏதாவது ஒரு கோபுரத்துக்குச் சாரம் கட்டித்தான் இருக்கும். ஆதிரை அதை நம்பிவிட்டாள். அடுத்த முறை வரும்போது திறந்திருக்குமா என்று மாமியைக் கேட்டாள். திறந்திருக்கும் பிள்ளை, கட்டாயம் திறந்திருக்கும் என்றார் அக்கா. சயந்தன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வெளிக்கிடு, நேரம் போகுது, ரோட்டில சனம் கூடிடும்" என்று அக்கா அவனைத் தள்ளி வானில் ஏற்றினார். கலியாணப் பெண்ணுக்கு என்று ஒரு மாசிப்பான் பெட்டியும் கடையிலேயே வாங்கிக் கட்டி வைத்திருந்தார். வீட்டுக்குள் போகாத பெட்டி. அதைச் சாரங்காவிடம் கொடுத்தார். சாரங்கா அழுதுகொண்டு வாங்கினாள்.

வான் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் நின்று கையை ஆட்டினோம். பிறகு இருவருமாக நடந்தோம். வழி முழுக்க எனக்கு வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். சாத்திரத்தைப் பேசினேன், வுப்பர்டாலைப் பேசினேன், கடைசியில் அக்காவையும் பேசினேன். உங்களுக்கு நீங்களே பூட்டுப் போட்டுவிட்டீர்கள் என்றேன்.  அக்கா திறப்பை எடுத்துத் தெருக் கதவைத் திறந்தார்.

அந்தப் படிகளில் நான் எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன், ஒருநாளும் அக்கா எனக்காக நின்றதில்லை. அன்றைக்கு இரண்டாம் மாடியில் நின்றார். கைபிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே ஏறி வருவதைப்போல என் தலைக்கு மேலாகக் கீழே பார்த்தார்.

"இன்னும் ஒரு மாடிதான், வாங்கோ வாங்கோ" என்றார். "கோபுரம் எண்டா சும்மாவோ?"

அப்படியே செல்வராசா அண்ணையின் குரல். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. என்னுடைய நீளமான வாய்க்கு அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. மிச்சப் படிகளையும் ஏறிப் போய், மேசையில் இருந்து, அக்கா போடப் போட எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.